மனுதாரர் மறைந்தால் வழக்கும் மறைந்துவிடுமா?

பாட்டனார் தொடுத்த வழக்கில் பேரன் தீர்ப்பு வாங்கினான் என்று நம் ஊர்ப்புறங்களில் சொல்வதுண்டு. தென்னந்தோப்பின் வரப்புத் தகராறு ஒன்று முன்சீப் கோர்ட்டில் தொடங்கி, சப் கோர்ட், ஹைகோர்ட் என்று ஏறி இறங்கி முடிவதற்குள் வாதியும் பிரதிவாதியும் கபர்ஸ்தானில் அடக்கமாகிவிடுகிறார்கள். ஆயினும் வழக்கு நிற்பதில்லை. இறந்தவரின் இடத்தில் அவருடைய வாரிசுகள் சேர்க்கப்படுகிறார்கள். நம் நாட்டின் 1908ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டம் இதற்கென்றே 22ஆம் கட்டளையை வைத்திருக்கிறது. வழக்குத் தொடரும் உரிமை உயிரோடிருக்குமானால், வழக்குத் தொடுத்தவர் இறந்துபோனதால் மட்டும் வழக்கு அற்றுப்போகாது என்பது அதன் சாரம். வாரிசுகளைச் சேர்க்கக் கோரும் மனுவை 90 நாட்களுக்குள் போட வேண்டும் என்று 1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம் கூறுகிறது.

இப்போது வேறொரு வழக்கை எண்ணிப் பாருங்கள். அயல்நாடொன்றில் வாழ அனுமதி கேட்டு ஒருவர் மனுச் செய்கிறார். அதிகாரிகள் மறுக்கிறார்கள். அவர் நீதிமன்றம் போகிறார். வழக்கு நிலுவையில் இருக்கும்போதே அவருக்கு மரணம் நேர்கிறது. அவர் கேட்ட அனுமதியை அவருடைய மகன் வாரிசாகப் பெற முடியுமா? அவரை நம்பி அந்நாட்டில் தங்கியிருக்கும் மனைவியின் கதி என்ன? அதிகாரிகள் செய்தது தவறு என்றால், அதைச் சொல்ல இனி யார் இருக்கிறார்கள்?

பிள்ளைகளையும் மருமக்களையும் கடல் கடந்து அனுப்பியிருக்கும் குடும்பங்கள் நம்மில் ஏராளம். மரணத்தைப் பற்றி முன்கூட்டிப் பேச நமக்கு மனம் வருவதில்லை. ஆனால், துக்கம் விசாரிக்க வந்தவர்கள் கலைந்து செல்வதற்குள் குடியேற்ற அலுவலகத்தின் கடிதம் கதவைத் தட்டிவிடுகிறது. ஆகவே இதைப் பற்றி அமைதியான வேளையில் அறிந்து வைத்திருப்பது நல்லது.

உரிமை யாருடையது?

பழைய ஆங்கிலச் சட்டத்தில் ஒரு முதுமொழி இருந்தது. ஒருவருடைய சொந்த வழக்கு அவரோடேயே இறந்துவிடும் என்பது அது. அடித்தவன் மீது அடிபட்டவன் தொடுத்த வழக்கு, இருவரில் ஒருவர் இறந்தாலும் முடிந்துபோயிற்று. இது அநீதி என்று கண்டு, 1934ஆம் ஆண்டு பிரிட்டிஷ் நாடாளுமன்றம் ஒரு திருத்தச் சட்டம் கொண்டுவந்தது. அதன்படி, பெரும்பாலான நஷ்டஈட்டு வழக்குகள் இறந்தவரின் சொத்தைச் சேர்ந்தவையாகி, வாரிசுகளால் தொடரப்படலாயின. பணமாக மாற்றிச் சொல்லக்கூடிய உரிமை எதுவோ, அது பொதுவாக மரணத்தைக் கடந்து நிற்கும் என்ற நிலை பிறந்தது.

ஆனால் ஒரு நாட்டில் வசிக்கும் அனுமதி பணமோ நிலமோ அன்று. அது குறிப்பிட்ட ஓர் ஆளுக்கு, அவருடைய நிலைமையைப் பார்த்துக் கொடுக்கப்படுவது. அவர் இல்லாதபோது அந்த அனுமதியைப் பெற்றுக்கொள்ள ஆள் இல்லை. நாடுகடத்தல் உத்தரவும் அப்படித்தான். கடத்தப்பட வேண்டியவரே உலகத்தை விட்டுப் போய்விட்ட பிறகு, அந்த உத்தரவை நிறைவேற்றவும் முடியாது, நீக்குவதாலும் பயனில்லை. எனவே நீதிமன்றம், தீர்ப்புச் சொல்லிப் பயனில்லாத நிலைக்கு வழக்கு வந்துவிட்டது என்று கோப்பை மூடிவிடுகிறது. பல நாடுகளில் பொது விதி இதுவே.

இந்த வேறுபாட்டை பிரிட்டனின் வின்ட்ரஷ் விவகாரத்தில் தெளிவாகக் காணலாம். மேற்கிந்தியத் தீவுகளிலிருந்தும் பிற காமன்வெல்த் நாடுகளிலிருந்தும் பல பத்தாண்டுகளுக்கு முன் சட்டப்படி பிரிட்டனுக்குச் சென்று குடியமர்ந்தவர்களை, காகிதம் இல்லை என்ற காரணத்தால் சட்டவிரோதக் குடியேறிகளாக நடத்தியது 2018இல் அம்பலமாயிற்று. வேலையை இழந்தவர், சிகிச்சை மறுக்கப்பட்டவர், நாட்டைவிட்டே அனுப்பப்பட்டவர் எனப் பலர் இருந்தனர். 2019இல் அரசு இழப்பீட்டுத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. இழப்பீடு கைக்கு வருமுன்னரே பலர் இறந்துபோயினர். அந்தத் திட்டத்தில் இறந்தவரின் சார்பில் அவருடைய வாரிசுகள் மனுச் செய்ய இடமிருக்கிறது. இழப்பீடு வாரிசுக்குச் சேரும். ஆனால், பிரிட்டனில் மதிப்போடு வாழும் உரிமையை இறந்தவருக்குத் திருப்பிக் கொடுக்க எந்த அலுவலகத்தாலும் முடியாது.

ஆகவே வெளிநாட்டு வழக்கு எதுவானாலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: உரிமை யார் பெயரில் இருக்கிறது? இதற்கான விடை நாட்டுக்கு நாடு எப்படி வேறுபடுகிறது என்பதற்குக் கனடா நல்ல எடுத்துக்காட்டு. கனடாவில் உள்ள ஒருவர் தம் மனைவியையோ பெற்றோரையோ வரவழைக்க ஸ்பான்சர் செய்கிறார். விசா மறுக்கப்பட்டால், மேல்முறையீடு செய்யும் உரிமையை அந்நாட்டுச் சட்டம் ஸ்பான்சர் செய்தவருக்கே வழங்கியிருக்கிறது. விசா கேட்டு ஊரில் காத்திருப்பவருக்கு அந்த உரிமை இல்லை. ஸ்பான்சர் செய்தவர் இறந்துவிட்டால் மேல்முறையீடு செய்ய ஆள் இல்லாமல் போய்விடுகிறது. மனிதாபிமான அடிப்படையில் தனியே விண்ணப்பிக்கும் வழி மட்டுமே மிஞ்சுகிறது.

அதே கனடாவில் அகதி விண்ணப்பத்தின் நிலை வேறு. இலங்கைப் போர்க் காலத்தில் அங்கே தஞ்சம் புகுந்த தமிழ்க் குடும்பங்கள் இதை அறிந்திருக்கும். ஒரு குடும்பத்தில் ஐந்து பேர் இருந்தால் ஐந்து பேரும் தனித்தனி மனுதாரர்களே. விசாரணை வசதிக்காக ஐந்தும் ஒன்றாகச் சேர்த்து எடுத்துக்கொள்ளப்படுகின்றன. அதனால் தந்தை இறந்துவிட்டாலும் தாயின் மனுவும் பிள்ளைகளின் மனுவும் தம் காலில் நிற்கின்றன. ஒரே நாடு, ஒரே குடியேற்றச் சட்டம். ஆயினும் ஓரிடத்தில் மரணம் கதவை அடைக்கிறது, மற்றோரிடத்தில் அடைப்பதில்லை. உரிமை யார் பெயரில் எழுதப்பட்டிருக்கிறது என்பதே இந்த வேறுபாட்டின் காரணம்.

விதவைக்கு விதிக்கப்பட்ட தண்டனை

கணவன் இறந்ததற்காக மனைவியைத் தண்டிக்கலாமா? எந்த நாகரிகச் சமுதாயமும் கூடாது என்றே கூறும். ஆனால் அமெரிக்காவில் நெடுங்காலம் இது நடந்தது. அதற்கு 'விதவைத் தண்டனை' என்றே பெயர் வழங்கிற்று.

அமெரிக்கக் குடிமகன் ஒருவர் வெளிநாட்டுப் பெண்ணை மணந்தால், அவளுக்கு கிரீன் கார்டு எனப்படும் நிரந்தர வசிப்புரிமை கேட்டு அரசுக்கு மனுச் செய்வார். மனுவைச் செய்தவர் கணவர் என்பதைக் கவனிக்க வேண்டும். அம்மனு முடிவாகுமுன் கணவர் இறந்துவிட்டால், திருமணமாகி 2 ஆண்டுகள் நிறைந்திருந்தால் மட்டுமே மனைவி தாமே மனுச் செய்ய முடியும். நிறைந்திராவிட்டால், 'நீங்கள் இப்போது மனைவியல்ல' என்று அரசு மனுவைத் தள்ளிவிடும். அதற்குப் பின் நாடுகடத்தல் அபாயமும் உண்டு. அலுவலகம் சுறுசுறுப்பாக வேலை செய்திருந்தால் கணவர் உயிரோடிருந்தபோதே அனுமதி கிடைத்திருக்கும். கோப்பு தூங்கியது அலுவலகத்தில், தண்டனை விதவைக்கு.

பல பெண்கள் இதை எதிர்த்து நீதிமன்றம் சென்றனர். அவர்களில் தென்னாப்பிரிக்கப் பெண்மணி ஒருவரின் வழக்கு, ஃப்ரீமன் வழக்கு எனப்படுவது. அவருடைய கணவர் கார் விபத்தில் இறந்தார். அவர்களுக்குத் திருமணமாகி 2 ஆண்டுகள் நிறைந்திருக்கவில்லை. மேற்குக் கரை மாநிலங்களுக்குரிய ஒன்பதாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் 2006இல் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. கணவர் முறைப்படி மனுச் செய்தபோது அவர் மனைவி. கணவரின் மரணம் அந்தத் தகுதியைப் பறித்துவிடாது என்பது அத்தீர்ப்பு.

ஆனால் நாட்டின் மறுபக்கத்தில் வேறு தீர்ப்பு வந்தது. 2003ஆம் ஆண்டு அக்டோபரில் நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவுப் படகு கரையோரக் கட்டுமானத்தில் மோதி 11 பேர் இறந்தனர். இறந்தவர்களில் ஒருவர் தம் ஜமைக்கா நாட்டு மனைவிக்காக மனுச் செய்திருந்தவர். ராபின்சன் வழக்கு என்ற பெயரில் அந்தப் பெண்மணி தொடர்ந்த வழக்கில், கீழ் நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. எனினும் மூன்றாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் 2009ஆம் ஆண்டு தொடக்கத்தில் அதை மாற்றிவிட்டது. அதே ஆண்டில் முதலாவது வட்ட நீதிமன்றமும் ஆறாவது வட்ட நீதிமன்றமும் வேறு இரு வழக்குகளில் விதவைகளுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தன. ஆக, ஒரே நாட்டில் கலிபோர்னியாவில் வாழ்ந்தால் மனைவி, நியூ ஜெர்சியில் வாழ்ந்தால் மனைவியல்ல என்ற விபரீத நிலை ஏற்பட்டது.

அடுத்தடுத்து எழுந்த இவ்வழக்குகள் வீண்போகவில்லை. 2009ஆம் ஆண்டு அக்டோபர் 28ஆம் நாள் அதிபர் ஒபாமா கையெழுத்திட்ட சட்டம் அந்த இரண்டாண்டு நிபந்தனையை நீக்கிவிட்டது. அமெரிக்கக் குடிமகனின் விதவை, கணவர் இறந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் தாமே மனுச் செய்யலாம். மனைவியை இழந்த கணவருக்கும் இது பொருந்தும். மறுமணம் செய்துகொள்ளாமல் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை.

அதே சட்டம் மற்றொரு கதவையும் திறந்தது. மனுச் செய்த உறவினர் இறந்துவிட்டாலும், யாருக்காக மனுச் செய்யப்பட்டதோ அவர் அந்த மரணத்தின்போது அமெரிக்காவில் வசித்து, தொடர்ந்தும் அங்கேயே வசிப்பாரானால், மரணம் நேராதது போலவே மனுவை எடுத்து முடிவு செய்யலாம். முதன்மை மனுதாரரைச் சார்ந்திருந்த மனைவி மக்களுக்கும் இந்தப் பாதுகாப்பு பல இனங்களில் உண்டு. ஆயினும் இது அதிகாரிகளின் விருப்புரிமைக்கு உட்பட்டதே.

நம் குடும்பங்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். 'அங்கேயே வசிப்பாரானால்' என்பது சாதாரணச் சொல்லன்று. அமெரிக்காவில் இருக்கும் அண்ணன், இந்தியாவில் இருக்கும் தம்பிக்காக மனுச் செய்துவிட்டுக் காத்திருப்பது வழக்கம். இந்தியர்களுக்கு அந்த வரிசை 15 ஆண்டுகளுக்கும் மேல் நீள்கிறது. அதற்குள் அண்ணன் இறந்துவிட்டால், ஊரிலிருக்கும் தம்பிக்கு இந்தச் சட்டம் துணை நிற்பதில்லை. மனு ஏற்கெனவே ஒப்புதல் பெற்றிருந்தால், மனிதாபிமான அடிப்படையில் அதை உயிர்ப்பிக்கும்படி வேண்டிக்கொள்ளலாம்; அதற்கு மாற்று ஸ்பான்சர் ஒருவரும் வேண்டும். ஒப்புதலே பெற்றிராவிட்டால் அந்த வழியும் இல்லை.

இறந்தபின் வென்ற வழக்கு

இதுவரை சொன்னவை மனுச் செய்த உறவினர் இறந்து, அதனால் பாதிக்கப்பட்டவர் உயிரோடிருந்து போராடிய வழக்குகள். பாதிக்கப்பட்டவரே இறந்துவிட்டால் என்ன செய்வது? இதற்கு விடை சொல்லும் மிக முக்கியமான வழக்கு ஐரோப்பாவில் நடந்தது. பாப்போஷ்விலி எதிர் பெல்ஜியம் என்பது அதன் பெயர்.

பாப்போஷ்விலி ஜார்ஜியா நாட்டவர். 1998இல் மனைவியோடும் ஒரு குழந்தையோடும் பெல்ஜியம் வந்தார். புகலிடம் கேட்டார், கிடைக்கவில்லை. அவர் குற்றமற்ற நல்லவர் என்று சொல்வதற்கில்லை. திருட்டு முதலிய குற்றங்களுக்காகத் தண்டனை பெற்றுச் சிறையில் இருந்தவர். சிறையிலிருக்கும்போது 2006இல் அவருக்கு இரத்தப் புற்றுநோய் இருப்பது தெரியவந்தது. காசநோயும் கல்லீரல் நோயும் சேர்ந்துகொண்டன. மருத்துவக் காரணத்தைக் காட்டித் தங்க அனுமதி கேட்டார். அவருடைய குற்றங்களைக் காரணம் காட்டி, நோயைப் பற்றிய ஆய்வுக்குள்ளேயே புகாமல் பெல்ஜிய அதிகாரிகள் மறுத்துவிட்டனர். 2010இல் அவர் பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரிலுள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தை அணுகினார். வழக்கு முடியும்வரை அவரை அனுப்ப வேண்டாம் என்று அந்நீதிமன்றம் கேட்டுக்கொண்டது.

அப்போதிருந்த சட்டநிலை அவருக்குப் பாதகமாக இருந்தது. 1997இல் எய்ட்ஸ் நோயால் மரணப் படுக்கையில் இருந்த ஒருவரை பிரிட்டன் கரீபியத் தீவு ஒன்றுக்குத் திருப்பி அனுப்பக்கூடாது என்று அந்நீதிமன்றம் தடுத்திருந்தது. ஆனால் 2008இல் உகாண்டா நாட்டுப் பெண் நோயாளி ஒருவரின் வழக்கில், சிகிச்சையின் உதவியால் அவர் இப்போது நலமாக இருப்பதால் திருப்பி அனுப்பலாம் என்று கூறிவிட்டது. சுருங்கச் சொன்னால், சாகும் தறுவாயில் இருப்பவருக்கு மட்டுமே பாதுகாப்பு. மருந்தால் உயிர் வாழ்பவரை மருந்தில்லாத இடத்திற்கு அனுப்புவதில் தடையில்லை. 2014இல் பாப்போஷ்விலியின் வழக்கும் இந்த அளவுகோலால் அளக்கப்பட்டு முதல் அமர்வில் தோற்றது. பிறகு 17 நீதிபதிகள் கொண்ட பேரமர்வு அதை எடுத்துக்கொண்டது.

2016ஆம் ஆண்டு ஜூன் 7ஆம் நாள் பாப்போஷ்விலி இறந்துவிட்டார். தீர்ப்பு அப்போது வந்திருக்கவில்லை. மனைவியும் மூன்று பிள்ளைகளும் வழக்கைத் தொடர விரும்பினார்கள். வழக்கைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடலாம் என்பது பெல்ஜிய அரசின் வாதம். நியாயமான வாதம் போலவே அது தோன்றும். அனுப்பப்பட வேண்டியவர் இல்லை. அனுப்புவது சரியா தவறா என்று இனி ஆராய்வானேன்?

நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. அந்நீதிமன்றத்தை நிறுவிய உடன்படிக்கையின் 37ஆவது பிரிவு, பயனற்றுப்போன வழக்குகளை நீக்க அனுமதிக்கிறது. ஆனால், மனித உரிமைகளை மதிப்பதற்கு அவசியமானால் விசாரணையைத் தொடர வேண்டும் என்றும் அதே பிரிவு கூறுகிறது. கடும் நோயாளிகளை நாடுகடத்தலாமா என்ற கேள்வி இந்த ஒருவரோடு முடிவதன்று. அது மேலும் பலரைப் பாதிப்பது. ஆகவே வழக்கு தொடரும் என்று நீதிபதிகள் முடிவு செய்தனர். 2016ஆம் ஆண்டு டிசம்பர் 13ஆம் நாள் ஒருமனதாகத் தீர்ப்பு வந்தது. தக்க சிகிச்சை இல்லாமையால், அல்லது அது எட்டாமையால், ஒருவருடைய உடல்நிலை கடுமையாகவும் விரைவாகவும் மீள முடியாதபடியும் சீர்கெட்டு, கடும் வேதனையோ ஆயுள் குறைவோ நேரும் உண்மையான அபாயம் இருந்தால், அவரைத் திருப்பி அனுப்பக்கூடாது. அந்த அபாயத்தை அனுப்பும் நாடே முன்கூட்டி ஆராய வேண்டும். அவ்வாறு ஆராயாமல் அவரை அனுப்பியிருந்தால் அது உடன்படிக்கையை மீறிய செயலாக இருந்திருக்கும். குடும்ப வாழ்வின் மீது ஏற்படும் பாதிப்பை எடைபோடாமல் அனுப்பியிருந்தாலும் அவ்வாறே.

தீர்ப்பைக் கேட்க அவர் இல்லை. ஆனால் அதன் பயனைப் பெற்றவர்கள் பலர். பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் 2020ஆம் ஆண்டு ஏப்ரல் 29ஆம் நாள், ஜிம்பாப்வே நாட்டைச் சேர்ந்த நோயாளி ஒருவரின் வழக்கில், தம் நாட்டின் பழைய தீர்ப்பைக் கைவிட்டு பாப்போஷ்விலி தீர்ப்பை ஏற்றது. 2021இல் டென்மார்க்கிலிருந்து வந்த மனநோயாளி ஒருவரின் வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றத்தின் பேரமர்வு அதே அளவுகோலை மீண்டும் உறுதிசெய்தது. ஐரோப்பிய மன்றத்தில் இன்று 46 நாடுகள் இருக்கின்றன. சிறைத் தண்டனை பெற்ற, இறந்துபோன ஓர் அயல்நாட்டவரின் வழக்கு அத்தனை நாடுகளிலும் நோயாளிகளுக்குக் கேடயமாக நிற்கிறது.

எல்லா நீதிமன்றங்களும் இப்படிச் செய்வதில்லை. கனடாவின் உச்ச நீதிமன்றம் 1989இல் பொரோவ்ஸ்கி வழக்கில் ஓர் அளவுகோலை வகுத்தது. அது குடியேற்ற வழக்கன்று. ஆயினும் குடியேற்ற வழக்குகளிலும் அதுவே கையாளப்படுகிறது. உண்மையான தகராறு இன்னும் உயிரோடிருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். இல்லையென்றாலும், இரு தரப்பும் முழு மூச்சோடு வாதிடும் சூழ்நிலை உண்டா, நீதிமன்றத்தின் நேரத்தைச் செலவிடத் தகுந்த விஷயமா, தீர்ப்புச் சொல்வது நீதிமன்றத்தின் வரம்புக்குள் அடங்குமா என்று எண்ணிப் பார்த்துத் தொடரலாம். ஆக, கதவு பூட்டப்படவில்லை. ஆனால் தட்டுவதற்கு ஒருவர் வேண்டும்.

அரசுகள் மனம் வைத்தால்

நீதிமன்றத்தின் கை எட்டாத இடங்களில் அரசுகள் தாமாகவே முன்வந்த சந்தர்ப்பங்களும் உண்டு. 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பின் அமெரிக்கா இயற்றிய பேட்ரியட் சட்டத்தை, முஸ்லிம்களைக் கண்காணிக்க வந்த சட்டமாகவே நம்மில் பலர் அறிவோம். அந்தச் சட்டத்திற்குள்ளேயே, தாக்குதலில் இறந்தவர்களைச் சார்ந்திருந்த வெளிநாட்டு மனைவி மக்களின் குடியேற்ற மனுக்கள் அந்த மரணத்தால் அழிந்துவிடாதபடி காக்கும் பிரிவுகளும் இருந்தன. அன்று இறந்தவர்களில் வெளிநாடுகளிலிருந்து வந்த முஸ்லிம்களும் இருந்தனர் என்பது குறிப்பிடத்தக்கது.

2019ஆம் ஆண்டு மார்ச் 15ஆம் நாள் நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரில் ஜும்ஆத் தொழுகைக்குக் கூடியிருந்தோரில் 51 பேர் இரு பள்ளிவாசல்களில் சுடப்பட்டு ஷஹீதாயினர். அவர்களில் தற்காலிக விசாவில் இருந்தோரும் உண்டு. அவர்களைச் சார்ந்திருந்த குடும்பங்கள் நாடு திரும்ப நேருமோ என்று அஞ்சின. அடுத்த மாதமே நியூசிலாந்து அரசு தனி விசாப் பிரிவு ஒன்றை ஏற்படுத்தி, அந்தப் பள்ளிவாசல்களில் இருந்தவர்களுக்கும் அவர்களுடைய நெருங்கிய குடும்பத்தாருக்கும் நிரந்தர வசிப்புரிமைக்கு வழி செய்தது. யாரும் வழக்காட வேண்டியிருக்கவில்லை.

2020இல் கொரோனாவால் பிரிட்டனின் மருத்துவமனைகளில் வெளிநாட்டு மருத்துவர்களும் செவிலியர்களும் இறந்தபோது, அவர்களுடைய குடும்பத்தார் நிரந்தரமாகத் தங்கலாம் என்று அந்நாடு அறிவித்தது. துப்புரவுப் பணியாளரும் முதியோர் காப்பகப் பணியாளரும் முதலில் அதில் இடம்பெறவில்லை. எதிர்ப்பு எழுந்தபின், மே மாதத்தில் அவர்களும் சேர்க்கப்பட்டனர். நம்மவர் மிகுதியாக வாழும் ஐக்கிய அரபு அமீரகமும், கணவரை இழந்த பெண்கள் வேறு ஸ்பான்சர் இன்றி ஓராண்டு தங்கலாம் என்று 2018இல் அறிவித்தது.

இத்தகைய கருணை எல்லோருக்கும் கிடைப்பதில்லை என்பதையும் மறக்கக்கூடாது. 2017 பிப்ரவரியில் அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில் இந்தியப் பொறியாளர் ஒருவர் இனவெறியனால் சுட்டுக் கொல்லப்பட்டார். அவருடைய மனைவியின் விசா, கணவரின் வேலை விசாவைச் சார்ந்தது. கணவரின் உடலோடு இந்தியா வந்த அப்பெண்மணிக்குத் திரும்பிச் செல்லும் உரிமையே கேள்விக்குறியாயிற்று. அப்பகுதி நாடாளுமன்ற உறுப்பினர் தலையிட்டதால்தான் வழி பிறந்தது. செய்தித்தாளில் இடம்பெறாத மரணங்களுக்கு எந்த உறுப்பினர் வருவார்?

குடும்பங்கள் செய்ய வேண்டியது

வாசகர்கள் மனத்தில் இருத்த வேண்டிய சில செய்திகளைத் தொகுத்துச் சொல்லலாம்.

முதலாவது, வெளிநாட்டில் உள்ள ஒவ்வொரு குடும்பமும், தன் மனு யார் பெயரில் இருக்கிறது, யார் யார் அவரைச் சார்ந்து நிற்கிறார்கள் என்பதை அறிந்திருக்க வேண்டும். கணவருக்கு மட்டும் தெரிந்தால் போதாது. மனைவிக்கும் வயதுவந்த பிள்ளைகளுக்கும் தெரிந்திருக்க வேண்டும். மனுவின் எண், வழக்கறிஞரின் முகவரி, ஒப்புதல் கடிதத்தின் நகல் ஆகியவை வீட்டில் ஓரிடத்தில் இருக்கட்டும்.

இரண்டாவது, புகலிட மனுவாக இருந்தால், மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் தமக்கென்று தனிக் காரணம் உண்டா, தனி மனுச் செய்யலாமா என்று மனுதாரர் உயிரோடிருக்கும்போதே வழக்கறிஞரிடம் கேட்டு வைப்பது நல்லது. பிறர் நிழலில் நிற்பவர், அந்த நிழல் விலகும்போது வெயிலில் நிற்க நேரும்.

மூன்றாவது, மரணம் நேர்ந்தால் அதை மறைக்கக்கூடாது. அரசுக்குத் தெரியாமல் இருந்தால் மனு நடந்துகொண்டிருக்கும் என்று எண்ணிச் சும்மா இருப்பவர்கள் உண்டு. அது பொய்யுரைத்ததாகக் கொள்ளப்பட்டு, பிற்பாடு கிடைக்கக்கூடிய நிவாரணத்தையும் கெடுத்துவிடும். மரணச் சான்றிதழோடு வழக்கறிஞருக்கு உடனே தெரிவிக்க வேண்டும். காலக்கெடுக்கள் துக்கத்திற்காகக் காத்திருப்பதில்லை. அமெரிக்கக் கூட்டாட்சி நீதிமன்றங்களின் உரிமையியல் வழக்குகளில், ஒரு தரப்பினர் இறந்த செய்தி முறைப்படி அறிவிக்கப்பட்டால், 90 நாட்களுக்குள் மாற்று ஆளைச் சேர்க்கக் கோர வேண்டும். விதவையின் தனி மனுவுக்கோ 2 ஆண்டுகள்தாம் கெடு.

நான்காவது, இதுவே மிக எளிதில் தவறவிடப்படுவது. கணவரை இழந்த பெண், இத்தா இருப்பதற்காகத் தாய்வீடு வந்துவிட எண்ணுவது இயல்பு. பெற்றோரும் உடனே புறப்பட்டு வரும்படி அழைப்பார்கள். ஆனால் அந்நாட்டில் தொடர்ந்து வசிப்பதே சில இடங்களில் அவளுடைய உரிமையின் அடிப்படையாக இருக்கிறது. விமானம் ஏறியபின் திரும்பிச் செல்ல விசா இல்லாமல் போகலாம். ஆகவே பயணச் சீட்டு வாங்குமுன் வழக்கறிஞரிடம் கேட்டுவிட வேண்டும். அவளை அழைப்பதைவிட, குடும்பத்தில் ஒருவர் அவளிடம் போய் இருப்பது சில வேளை மேலான உதவியாகும்.

ஐந்தாவது, இழப்பீடு கேட்கும் வழக்கு ஏதேனும் உண்டா என்று பார்க்க வேண்டும். சட்டவிரோதமாகச் சிறைவைத்தது, சிகிச்சை மறுத்தது போன்றவற்றுக்கான நஷ்டஈட்டு வழக்கு, தங்கும் அனுமதி வழக்கைப் போல் மரணத்தோடு முடிந்துவிட வேண்டியதில்லை. பல நாடுகளில் அது வாரிசுகளுக்குச் சேரும்.

இறுதியாக, வழக்கைத் தொடர்வதா விடுவதா என்ற முடிவு. இறந்தவர் திரும்பி வரப்போவதில்லை, இனி எதற்கு வழக்கு என்று சலிப்பது எல்லோர்க்கும் இயல்பே. ஆறு ஆண்டுகள் வழக்கு நடத்தி, தலைவனை இழந்த அந்த ஜார்ஜியக் குடும்பத்திற்கும் அந்தச் சலிப்பு இருந்திருக்கும். ஆயினும் அவர்கள் தொடர விரும்புவதாக நீதிமன்றத்திற்குச் சொன்னார்கள். அவர்களுக்கு அதனால் கிடைத்தது தங்கள் பக்கம் நியாயம் இருந்தது என்ற ஒரு சொல். பிறருக்குக் கிடைத்ததோ உயிர்.

நம் உறவினர் எவருக்கேனும் இப்படியொரு நிலை நேர்ந்தால், கோப்பை மூடுமுன் ஒருமுறை கேட்போம்: இந்தக் கேள்வி இவரோடு முடிந்ததா, அல்லது பின்னால் வரிசையில் இன்னும் பலர் நிற்கிறார்களா?